பெயர் வராத பங்கசு

ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் அதுக்குப் பெயர் பங்கசு. தமிழ்நாட்டுச் செய்திகளில் பூஞ்சை. எங்கள் அம்மம்மாமாரைக் கேட்டால் பூஞ்சணம். பாணில் பிடித்தாலும், அலுமாரிக்குள் கிடக்கிற தோல் சப்பாத்தில் பிடித்தாலும், மழை விட்ட பிறகு குளியலறைச் சுவரில் பிடித்தாலும் எல்லாம் ஒரே பூஞ்சணம்தான். ஒரு பழந்துணியும் கொஞ்ச வெயிலும் இருந்தால் காணும், விஷயம் முடிஞ்சுது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஃப்ளாட்டுகளில் வளர்ந்தவர்களுக்கு இது வாராவாரம் நடக்கிற வேலை. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் புத்தக அட்டைகூட நரைச்சுப் போகும்.

அதனாலோ என்னவோ, பங்கசு ஆளைக் கொல்லும் என்று யாராவது சொன்னால் எங்களுக்குச் சட்டென்று நம்ப வராது. பற்றீரியா என்றால் பயம். வைரஸ் என்றால் கொவிட்டுக்குப் பிறகு இன்னும் பயம். பங்கசு என்றால்? தேமல், பொடுகு, சேற்றுப்புண், படர்தாமரை. சொறிஞ்சுகொண்டு சிரிக்கலாம்.

2021 மே மாதம் மட்டும் கொஞ்ச நாள் நிலைமை மாறியது. இந்தியாவில் கொவிட் வந்து தேறியவர்களை 'கறுப்புப் பூஞ்சை' பிடிக்கிறது என்று வட்ஸ்அப் முழுக்கச் செய்தி. சில மாதங்களுக்குள் அங்கே 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், அது உண்மை. எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி தன் குளியலறைச் சுவரில் இருந்த கறுப்புப் படையைக் கண்டுவிட்டு, "உது அந்தக் கறுப்புப் பங்கசுதான், ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ" என்று கதவையே பூட்டிவிட்டா. பாவம், இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குளிச்சவ. அந்த நோயை உண்டாக்குகிற மியூக்கோர் வகைப் பங்கசுகள் பெரும்பாலும் வெள்ளையாய், சாம்பலாய், பஞ்சு மாதிரி வளர்பவை. கறுப்பு என்பது பங்கசின் நிறம் இல்லை. அது இரத்தக் குழாயை அடைத்து, அதனால் செத்துப்போகிற எங்கள் சதையின் நிறம். கட்டுப்படாத சீனி வருத்தமும், அளவுக்கு மிஞ்சிய ஸ்டீரொய்டும்தான் அதுக்கு வழி விட்டன. சுவர்ப் படை வேறு ஆள். அதை யாரும் அன்ரிக்குச் சொல்லவில்லை, வட்ஸ்அப்பும் சொல்லவில்லை.

இதைத் தேடிப் படிச்சுக்கொண்டு போகும்போதுதான் எங்கள் ஊரின் கதை ஒன்று கிடைத்தது. வெட்கமாக இல்லை, ஆனால் கோபமாக இருந்தது, இத்தனை வருஷமாக இது ஏன் எங்கள் காதில் விழவில்லை என்று.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு உலகம் முழுக்க இருந்து மருந்தும் மருத்துவப் பொருட்களும் இந்த நாட்டுக்கு வந்து குவிந்தன. அடுத்த வருஷம் யூன், யூலையில் கொழும்பில் சிசேரியன் செய்துகொண்ட ஐந்து பெண்களுக்கு, பிள்ளை பிறந்த பிறகு காய்ச்சலும் தலையிடியும் தொடங்கியது. ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ஒப்பரேஷனுக்காக முள்ளந்தண்டில் போட்ட விறைப்பு ஊசி. வந்திருந்தது மெனிஞ்சைட்டிஸ், மூளையையும் முண்ணாணையும் சுற்றியிருக்கிற சவ்வின் அழற்சி. காரணம் பற்றீரியா இல்லை. அஸ்பெர்ஜிலஸ் ஃபியூமிகேற்றஸ் என்ற பங்கசு. மூன்று பேர் இறந்துபோனார்கள். சுனாமி உதவியாக வந்து, ஈரமான களஞ்சியத்தில் சரியான வசதி இல்லாமல் வைக்கப்பட்டிருந்த சிரிஞ்சுகளில் அந்தப் பங்கசு இருந்தது.

கொழும்பு வைத்தியர்கள் இதைப் பிறகு ஒரு சர்வதேச மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். உலகத்தில் முள்ளந்தண்டு ஊசி, பங்கசு என்று பேச்சு வரும்போதெல்லாம் கொழும்பு 2005 என்று சொல்கிறார்கள். கொழும்பில் இருக்கிற எங்களுக்குத் தெரியாது. எங்களில் இரண்டு பேர் அந்த வருஷம் இந்த நகரத்தில்தான் பிறந்தவர்கள், அதில் ஒருத்தி சிசேரியன். அவள் போய்த் தன் அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கு ஊசி போட்டது ஞாபகம், முதுகை வளைச்சு இருக்கச் சொன்னது ஞாபகம், கால் விறைச்சது ஞாபகம். இப்படி ஒன்று நடந்ததைப் பற்றி ஒருத்தரும் கதைத்ததாக ஞாபகமே இல்லை. "அந்த வருஷம் எண்டால் எங்களுக்குச் சுனாமி மட்டும்தான் பிள்ளை" என்றா.

அஸ்பெர்ஜிலஸ் அரிய சாமான் இல்லை. அதன் வித்திகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் பருமன். காற்றில் எங்கும் இருக்கும். இதை வாசிக்கும்போதும் நீங்கள் சிலதை உள்ளே எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நுரையீரலில் இருக்கிற காவல்காரக் கலங்கள் தின்று முடிச்சுவிடும். ஆனால் முள்ளந்தண்டுக்குள் நேரே போய் இறங்கினால் அங்கே அந்தக் காவல் இல்லை.

சரி, இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்? பற்றீரியா என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தட்டில் வளர்ந்து முகத்தைக் காட்டும். பங்கசு மெதுவானது. மெனிஞ்சைட்டிஸ் வந்தவரின் முள்ளந்தண்டு நீரை எடுத்து வளர்ப்புத் தட்டில் விட்டால் பல தடவை ஒன்றுமே வளராது, பங்கசு உள்ளே இருந்தாலும். வைத்தியர் பற்றீரியாவை நினைச்சு அன்ரிபயோட்டிக் கொடுப்பார், அதுதான் வழமை. பங்கசுக்கு அது பட்டும் படாது. உயிரின மரத்தில் பங்கசு பற்றீரியாவைவிட எங்களுக்குத்தான் கிட்டின சொந்தம். அதனால் எங்களைத் தாக்காமல் அதை மட்டும் கொல்கிற மருந்து செய்வது சிக்கல். உடம்புக்குள் புகுந்த பங்கசுக்கு இன்று இருக்கிற மருந்துக் குடும்பங்களை ஒரு கை விரலில் எண்ணலாம். எது என்று தெரியாமல் கொடுத்தால் அந்த ஒரு கையும் வீண்.

ஆகவே எல்லாம் ஆளை அடையாளம் காண்பதில் வந்து நிற்கிறது. இந்த நாட்டில் பங்கசைப் பிடிக்கக் கருவி வைத்துத் தேடிய கதைக்கு வயசு கிட்டத்தட்ட 145. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு துரு கண்டார்கள். ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசு. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆங்கிலேயத் தாவரவியலாளர் வந்து, கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் வருகிற வித்திகளை ஒட்டவைத்து எண்ணினார். வித்தி காற்றில் பறக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் ஒரே கோப்பி நட்டால் அது நிற்காது என்று காட்டினார். காட்டியும் பலன் இல்லை, பிந்திவிட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. கோப்பிக்காகத் தமிழ்நாட்டில் இருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வாழ்க்கை அதோடு எப்படிப் புரண்டது என்பது தனிக் கட்டுரை. கொட்டாஞ்சேனையில் இருக்கிற எங்களில் சிலருக்கு அது குடும்பக் கதையும்கூட. இங்கே சொல்ல வருவது அந்தக் கண்ணாடித் துண்டை மட்டும்.

கண்ணாடித் துண்டு இன்றும் போகவில்லை. தோலில் படர்தாமரை என்றால் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடியில் வைத்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு சொட்டு விடுவார்கள். எங்கள் தோல் கலங்கள் கரையும், பங்கசின் சுவர் கரையாது, நூல் நூலாக நிற்கும். ஒரு நுணுக்குக்காட்டி காணும், சில நிமிஷ வேலை. பங்கசு இருக்கிறது என்று சொல்லும், எந்தப் பங்கசு என்று சொல்லாது. அதுக்கு வளர்க்க வேண்டும். பிரெஞ்சு வைத்தியர் ரேமோன் சபுரோ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த சீனிக் கூழ் இன்னும் அவர் பெயரிலேயே ஆய்வுகூடங்களில் இருக்கிறது. அதில் வைத்து இரண்டு கிழமை, சிலவேளை நாலு கிழமை காத்திருந்து, நிறத்தையும் வித்தியின் வடிவத்தையும் பார்த்துப் பெயர் வைப்பார்கள்.

வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்பதுக்கு எங்கள் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ரைனோஸ்போரிடியோசிஸ் என்று ஒரு நோய். மூக்குக்குள் செம்புற்றுப்பழம் மாதிரிச் சிவந்த சதை வளரும், இரத்தம் வடியும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் உலகத்திலேயே அதிகம், குளத்தில் குளிப்பவர்களுக்கு வரும். 1900இல் ஆர்ஜன்டீனாவில் அதை விவரித்த காலத்தில் இருந்தே இது என்ன உயிர் என்று சண்டை. தட்டில் வளரவே வளராது. நுணுக்குக்காட்டியில் வித்திப்பை மாதிரித் தெரிந்தபடியால் நெடுங்காலம் பங்கசு என்றே புத்தகங்களில் போட்டார்கள். 1999இல் அதன் மரபணுத் துண்டு ஒன்றை வாசித்துப் பார்த்தால் அது பங்கசே இல்லை, மீன்களுக்கு நோய் கொடுக்கிற ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்தின் உறவு. அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் அர்செகுலரத்ன. நூறு வருஷச் சண்டையை ஒரு துண்டு டி.என்.ஏ. தீர்த்து வைத்தது. எங்களுக்கு இது வாசிக்கக் கிடைத்த நாள் ஏதோ துப்பறியும் கதை முடிவு தெரிந்த மாதிரி இருந்தது.

இப்ப பெரிய ஆய்வுகூடங்களில் பெயர் கேட்க இன்னொரு மெஷின் இருக்கிறது, மால்டி-டொஃப். வளர்ந்த பங்கசில் ஒரு துளி எடுத்து லேசர் அடிப்பார்கள். புரதங்கள் பறக்கும். எது எவ்வளவு பாரம் என்று அளந்தால் ஒரு கைரேகை மாதிரிக் கோடுகள் வரும். அதைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டுச் சில நிமிஷத்தில் பெயர் சொல்லும். ட்ரூகோலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் வலு வேகம். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாது, அல்லது வேறு யாரோ ஒருத்தரின் பெயரைச் சொல்லிவிடும்.

கன்டிடா ஓரிஸ் கதை அப்படித்தான். 2009இல் யப்பானில் ஒரு நோயாளியின் காதில் இருந்து எடுத்து முதலில் விவரித்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பரவியபோது, பல இடங்களில் பழைய தானியங்கி முறைகள் அதை இன்னொரு கன்டிடா என்றே சொல்லிக்கொண்டிருந்தன. பல மருந்துக்கு அடங்காத ஒன்று, கட்டில் விளிம்பில்கூட உயிரோடு இருக்கும், பெயர் மட்டும் பிழை. முழு மரபணுத் தொகுதியையும் வாசித்த பிறகுதான், தெற்காசியா, கிழக்காசியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா என்று நாலு இடத்தில் நாலு வேறு வம்சங்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தலைகாட்டியது தெரிந்தது. ஏன் ஒரே காலத்தில்? இன்னும் முழு விடை இல்லை. தில்லியில் அனுராதா சௌத்ரியின் குழு அந்தமான் தீவுகளின் கடற்கரை மணலிலும் உவர்ச் சதுப்பிலும் இதைத் தேடிப் பிடித்து 2021இல் எழுதியது. மணலில் உட்கார்ந்து வடை தின்கிற எங்களுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்தது. பயப்படுத்தச் சொல்லவில்லை, கடற்கரை மணல் யாரையும் பிடிச்சதாக இல்லை.

இனி, 2005க்குத் திரும்பிப் போவோம். அதே விபத்து பிறகும் நடந்தது, வேறு நாடுகளில்.

2012இல் அமெரிக்காவில் நாரி வலிக்கு முதுகில் போட்ட ஸ்டீரொய்ட் ஊசி மருந்தில் பங்கசு. 753 பேர் நோயாளிகள், 64 பேர் இறந்தார்கள். மருந்துப் புட்டியில் இருந்ததும் நோயாளிகளில் இருந்ததும் எக்ஸெரோஹைலம் என்ற, மனிதரில் மிக அரிதாகக் காணப்படுகிற பங்கசு. கிடைத்த மாதிரிகளின் மரபணுத் தொகுதியை வாசித்தபோது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பிரதி. 2022இன் கடைசியில் மெக்சிக்கோவின் துராங்கோ நகரத்தில் முள்ளந்தண்டு ஊசிக்குப் பிறகு ஃபியூசேரியம் என்ற பங்கசு, முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பிரசவத்துக்கு வந்த பெண்கள். வாசிக்கும்போது எங்களுக்குக் கொழும்பைத்தான் திருப்பி எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றியது. அடுத்த வருஷம் அதே நாட்டில் மாத்தமோரோஸ் நகரத்தில், அழகுச் சத்திரசிகிச்சைக்குப் போன அமெரிக்கர்களுக்கு. அங்கேதான் வித்தியாசம். பங்கசின் சுவரில் இருந்து கழருகிற பீற்றா-குளுக்கன் என்ற சீனியை முள்ளந்தண்டு நீரில் அளந்தார்கள். அந்த நீரில் இருக்கிற டி.என்.ஏ. முழுவதையும், மனிதருடையது பங்கசுடையது என்று பாராமல், கொட்டி வாசித்து அதில் ஃபியூசேரியத்தைத் தேடி எடுத்தார்கள். தட்டில் வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்படியும் பலர் இறந்தார்கள், ஆனால் எதை எதிர்த்து மருந்து கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தார்கள்.

2005இல் கொழும்பில் வேலை செய்த வைத்தியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில், அந்த வசதியோடு, ஐந்து நோயாளிகளில் இருந்து ஒரு களஞ்சியத்துச் சிரிஞ்ச் வரைக்கும் பின்னால் நடந்து போனது பெரிய வேலை. எங்களுக்கு உறுத்துவது வேறு. இன்றைக்கு அப்படி ஒன்று நடந்தால் முள்ளந்தண்டு நீர் எங்கே போகும், எத்தனை நாளில் பதில் வரும்? பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கொழும்பில் இருக்கிறவருக்கு அது பக்கம். மன்னாரில், மொனராகலையில் இருக்கிறவருக்கு?

உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில்தான் முதன்முதலாக ஆபத்தான பங்கசுகளுக்கு ஒரு பட்டியல் போட்டது, 19 பெயர்கள். ஃபியூமிகேற்றஸும் ஓரிஸும் மிக அவசரக் கட்டத்தில் இருக்கின்றன. நல்ல பரிசோதனை வசதி தேவையான இடத்தில் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கருவியும் கோடிக் கணக்கு விலை இல்லை. கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசுக்கு ஒரு கடதாசிப் பட்டி இருக்கிறது, கர்ப்பப் பரிசோதனைப் பட்டி மாதிரி. ஒரு துளி விட்டால் பத்து நிமிஷத்தில் கோடு வரும். கொவிட் நேரம் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு வந்த பி.சி.ஆர். மெஷினுக்கும் தேடுவது வைரஸா பங்கசா என்ற கவலை இல்லை. அதுக்கேற்ற இரசாயனமும், பழக்கப்பட்ட ஆட்களும் வேண்டும். ஆட்கள் என்ற இடத்தில்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வட்டத்தில் ஏ.எல். பயோ செய்தவர்கள் நாலு பேர், நாலு பேரும் வைத்தியராகத்தான் ஆசைப்பட்டவர்கள். மெஷினுக்குப் பின்னால் நிற்கிறவர் ஆகலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை.

கொட்டாஞ்சேனை மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்களில் ஒருவரின் தாய்மாமா. பகல் முழுக்கப் புறக்கோட்டையில் சுமை ஏற்றி இறக்குகிற வேலை, வேர்வை, இறுக்கிக் கட்டிய பெல்ட். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்து எட்டு மாதம். பார்மசியில் ஒரு கிறீம் கொடுத்தார்கள், பூசினால் இரண்டு நாளில் கடி நிற்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும். ஸ்டீரொய்ட் கலந்த கிறீம். அது சிவப்பையும் கடியையும் அமர்த்தும், கூடவே தோலின் காவலையும் அமர்த்தும், பங்கசு நிம்மதியாகப் படரும். இந்தியாவில் இப்படிக் கலவைக் கிறீம்கள் கண்டபடி விற்கிற சூழலில்தான் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்ற ஒன்று பெருகியது. டெர்பினஃபின் என்ற வழமையான மருந்துக்கு அதில் பல அடங்காது, ஒரேயொரு மரபணுவில் ஏற்பட்ட சின்ன மாற்றத்தால். 2020இல்தான் அதுக்குத் தனிப் பெயர். 2023இல் நியூயோர்க்கிலும் இரண்டு பேரில் கண்டதாக அறிவித்தார்கள். தட்டில் வளர்த்தால் அதன் சொந்தக்காரரில் இருந்து பிரித்துக் காண்பது கஷ்டம், டி.என்.ஏ.யை வாசிக்க வேண்டும்.

மாமாவை ஒரு வழியாகத் தோல் வைத்தியரிடம் கூட்டிப் போனோம். கிறீமை நிறுத்தச் சொன்னார், சுரண்டி எடுத்து அனுப்பினார். கண்ணாடித் துண்டின் பதில் உடனே வந்தது, பங்கசு இருக்கு. வளர்ப்புத் தட்டின் பதில் வர நாலு கிழமை. கடதாசியில் ட்ரைக்கோஃபைட்டன் இனம் என்று மட்டும் அடித்திருந்தது.

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ நாள் காத்திருந்தோமே, அப்ப பேரு இல்லையா?"

"குடும்பப் பேரு மட்டுந்தான் மாமா இருக்கு."